மூச்சுக்கட்டை

அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மூச்சு என்றால்தான் தெரியும். வீட்டுக்குப் போன் செய்து, "மூச்சு இருக்காரா?" என்று கேட்பார்கள். அவர் மனைவி வாய்க்காரி. "இப்ப வரைக்கும் இருக்கு, நாளைக்கு எப்படின்னு சொல்ல முடியாது" என்பாள். கேட்டவர் சிரிப்பதா சும்மா இருப்பதா என்று தெரியாமல் திணறிப்போவார். மூச்சோ பக்கத்தில் உட்கார்ந்து, காதில் விழாத மாதிரி, சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்தப் பெயர் தன்னை என்ன பாடு படுத்துகிறது என்று அவர் ஒருத்தரிடமும் சொன்னதில்லை. கட்டின மனைவியிடமே சொன்னதில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொழில் இதுதான். மரத்தால் கட்டிய வீடுகளின் வெளிச் சுவருக்கு, மழையும் வெயிலும் உள்ளே போகாமல், நீள நீளமான வினைல் பட்டைகளைப் போர்த்துவது. கூரை சுவரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் இறவாரத்துக்கு அடியில், அணிலும் குருவியும் குடியேறாமல், பொடி ஓட்டை போட்ட அலுமினியத் தகடுகளை அடைப்பது. சுவருக்குச் சட்டை தைக்கிற வேலை என்று அவரே சொல்வார். ஆனால் சட்டையை உடம்போடு ஒட்டத் தைத்துவிட்டால் என்ன ஆகும்? வெயில் ஏறினால் வினைல் நீளும், குளிர்ந்தால் சுருங்கும். இரண்டு பக்கமும் மூலைச் சட்டத்தில் முட்டுகிற மாதிரி பட்டையை வெட்டிவிட்டால், அது நீள இடமில்லாமல் வயிற்றை முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கும். ஆணியை இறுக அடித்துவிட்டாலோ, நகரவும் முடியாமல் கிடந்து முனகும். அதனால் இரண்டு முனையிலும் கொஞ்சம் இடம் விட வேண்டும். ஆணித் தலைக்கும் பட்டைக்கும் நடுவில் ஒரு நாணயம் நுழைகிற சந்து இருக்க வேண்டும். இந்த இடத்துக்கு அவரும் அவர் மச்சானும் வைத்த பெயர்தான் மூச்சு. "சுவருக்கு மூச்சு விடணும், சார். மூச்சு இல்லாம அடிச்சா அப்புறம் என்னைக் கேக்காதீங்க" என்று போகிற இடமெல்லாம் பாட்டாகப் பாடிப் பாடி, கடைசியில் ஆளுக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

மச்சான் என்றால் அவர் தங்கையின் புருஷன். இப்போது இல்லை.

இருந்த காலத்தில் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் தொழில் செய்தார்கள். ஒருத்தர் மேலே, ஒருத்தர் கீழே. மச்சான் ஏணியில் ஏறினால் இறங்க மனசில்லாத ஆள்; மேலேயே சாப்பாடும் கொடுத்தால் சந்தோஷமாகச் சாப்பிட்டுக்கொள்வார். மூச்சுக்கு உயரம் என்றாலே பயம். அதனால் தரையில் ரம்பம், அளவு, அச்சு எல்லாம் அவர் பொறுப்பு.

அச்சு என்றால் கடையில் வாங்கினது இல்லை. மிச்சம் மீதி மரக்கட்டையில் அவர்களே அடித்துக்கொண்டது. நீளமான மரத் தொட்டி ஒன்று. அதன் ஒரு முனையில் ரம்பம் போக ஒரு பிளவு, மறு முனையில் நகர்த்தி இறுக்கிக்கொள்கிற ஒரு தடுப்பு. இரண்டு மூலைச் சட்டங்களுக்கு நடுவே உள்ள தூரத்தை அளந்து தடுப்பை வைத்துவிட்டால், பட்டைகளை அடுக்கி உள்ளே தள்ளி ஒரே இழுப்பில் நான்கைந்தை வெட்டிவிடலாம். ரம்பத் தகட்டைத் திருப்பி, பல் எதிர்ப்பக்கம் பார்க்கிற மாதிரி போட வேண்டும். நேராகப் போட்டால் வினைல் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். இதெல்லாம் கை பழகினால் வந்துவிடுகிற விஷயம்.

பழகியும் மறக்கக்கூடிய விஷயம் ஒன்று இருந்தது. மூச்சுக்கான இடத்தை ஒவ்வொரு தடவையும் மனதில் கழித்துக் கணக்குப் போடுவது தலைவலி என்று, மச்சான் ஒரு சின்னக் கட்டையைச் சீவி வைத்திருந்தார். விரல் அகலம், நன்றாக இழைத்து எண்ணெய் தடவினது. அதைத் தடுப்புக்கும் பட்டைக்கும் நடுவில் செருகிவிட்டு வெட்டினால், இரண்டு முனைக்கும் வேண்டிய மூச்சு தானாகக் குறைந்துவிடும். அதுதான் மூச்சுக்கட்டை. ஒரு அடுக்கு வெட்டி முடித்ததும் தொட்டியில் சேர்ந்த தூளைத் துடைப்பார்கள். துடைக்கும்போது கட்டை தூளோடு சேர்ந்து குப்பைக்குப் போய்விடாமல் இருக்க, எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, துடைத்த பிறகு திரும்பச் செருக வேண்டும். இவ்வளவுதான் வேலை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ரம்பம் ஓடும்போது காதில் பஞ்சு. மேலே இருந்து கத்தினாலும் கேட்காது. அதனால் அச்சைச் சுவரோடு சாய்த்து வைத்திருப்பார்கள். மச்சானுக்கு அடுத்த பட்டை வேண்டுமென்றால் சுத்தியல் காம்பால் சுவரில் இரண்டு தட்டு. டக், டக். அந்த அதிர்வு மரத்தின் வழியாக மூச்சின் உள்ளங்கைக்கு வந்துவிடும். இவர் பட்டையைத் தலைக்கு மேல் தூக்கிக் கொடுப்பார், மேலே ஒரு கை வந்து வாங்கிக்கொள்ளும். நிமிர்ந்து முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியம்கூட இருந்ததில்லை.

ஊருக்கெல்லாம் சுவர் போர்த்திக்கொண்டிருந்தவர்கள், தங்கை வீட்டு மேற்குச் சுவரை மட்டும் நாளை நாளை என்று தள்ளிக்கொண்டே போனார்கள். தங்கை தையல்காரி. ஊர்த் துணியெல்லாம் தைத்துவிட்டு, தன் பாவாடைக் கிழிசலை ஊக்கு குத்தி மறைக்கிறவள். அவளே, "உங்களுக்கும் எனக்கும் ஒரே புத்தி" என்று புருஷனைக் கேலி செய்வாள். ஒருவழியாக ஒரு விடுமுறை நாளில் ஆரம்பித்தார்கள். படுக்கையறை ஜன்னலைச் சுற்றி வளைத்து, இறவாரத்துக்கு அடியில் போகிற கடைசிப் பட்டை வரைக்கும் வந்துவிட்டார்கள். டக், டக். மூச்சு கடைசிப் பட்டையைத் தூக்கிக் கொடுத்தார். கை வந்து வாங்கிக்கொண்டது. அவர் ஓரத்துக்கு அடிக்க வேண்டிய குறுகல் பட்டியை எடுத்து ரம்பத்தில் வைத்தார்.

உள்ளங்கையில் ஒரு அதிர்வு வந்தது. ஒன்றே ஒன்று.

ரம்பத்தை நிறுத்தாமல் இரண்டாவது தட்டுக்காகக் காத்திருந்தார். அது வரவே இல்லை. திரும்பிப் பார்த்தபோது ஏணி சரிந்து கிடந்தது. மச்சான் அதற்கு அந்தப் பக்கம் கிடந்தார். தலை சிமெண்ட்டு மேடையில் பட்டிருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டுப் பாட்டில் மூடியைப் பையில் போடப் போன கையில் ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தார். மூச்சுக்கட்டை.

அவ்வளவுதான், அந்த மனுஷனை அன்றைக்குப் பிடித்துக்கொண்டது ஒரு சந்தேகம். கடைசிப் பட்டையை வெட்டின பிறகு கட்டையை எடுத்துப் பையில் போட்டாரா, அதற்கு முன்னாலேயே தூள் துடைக்கும்போது போட்டு, திரும்பச் செருக மறந்துவிட்டாரா? எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. முன்னால் என்றால் பட்டை ஒரு விரல் அகலம் கூடுதலாக இருந்திருக்கும். நீளமான பட்டை சட்டத்துக்குள் போகாது. போகாத பட்டையை ஒரு ஆள் ஏணியிலிருந்து எட்டி, உடம்பைச் சாய்த்துத் தள்ளித்தான் நுழைக்கப் பார்ப்பார். அதற்கு மேல் யோசிக்க அவருக்குத் தெம்பில்லை. ஆனால் யோசனை அவரை விடவுமில்லை.

பதில் எங்கேயும் ஓடிப் போகவில்லை. தங்கை வீட்டுச் சுவரில், இறவாரத்துக்கு அடியில்தான் இருந்தது. மச்சான் போன துக்கத்தில் இவர் காய்ச்சலாகப் படுத்துவிட்டார். எழுந்து போய்ப் பார்த்தபோது சுவர் முடிந்திருந்தது. கடைசிப் பட்டை அதன் இடத்தில் ஏறியிருந்தது. வேறு கோஷ்டி ஆட்கள் யாராவது நல்ல மனசோடு முடித்துக் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார். யாரையும் கேட்கவில்லை. கேட்டால், "உன் பட்டை நீளமா இருந்துச்சு மேஸ்திரி, நறுக்கித்தான் போட்டோம்" என்று ஒருத்தன் சொல்லிவிட்டால்?

அப்புறம்தான் சுவர் தட்ட ஆரம்பித்தது.

வெயில் நாள் முழுக்கச் சுவரில் விழுந்து, சாயங்காலம் சூரியன் எதிர்வீட்டுக் கூரைக்குப் பின்னால் இறங்குகிற நேரம். படுக்கையறைக்கு மேல், இறவாரத்துக்குக் கொஞ்சம் கீழே. டக். ஒரு மூச்சு விடுகிற நேரம் கழித்து இன்னொன்று. டக். முதல் தடவை கேட்டபோது அவர் தங்கை வீட்டு அடுப்படியில் காபி குடித்துக்கொண்டிருந்தார். தம்ளரை வைத்துவிட்டு எழுந்துவிட்டார். கை தானாக முன்னால் நீண்டிருந்தது, பட்டையை எடுக்கப் போகிற மாதிரி.

தங்கை தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே, "அவருதான். தினமும் இந்நேரத்துக்குத் தட்டுவாரு" என்றாள்.

அது சாதாரணமாகப் பேசுகிற குரல்தான். பைத்தியக்காரக் குரல் இல்லை. அதனால்தான் அவருக்கு இன்னும் பயமாக இருந்தது. அவருக்குக் காரணம் தெரியும். இறுக அடித்த பட்டை குளிரும்போது ஆணியை இழுத்துக்கொண்டு விடுபடுகிற சத்தம். எத்தனை வீட்டில் கேட்டிருக்கிறார், எத்தனை பேரிடம் விளக்கியிருக்கிறார். தெரிந்து என்ன பிரயோஜனம்? கேட்ட மாத்திரத்தில் உள்ளங்கை குறுகுறுக்கிறதே. அன்றைக்கு வராத இரண்டாவது தட்டு இப்போது தினமும் வந்துகொண்டிருக்கிறதே.

அதற்குப் பிறகு தங்கை வீட்டுக்கு அவர் சாயங்காலத்தில் போனதே இல்லை. காலையில் போவார், மத்தியானம் போவார். வெயில் சாய ஆரம்பித்தால், "ஒரு ஆளைப் பாக்கணும்" என்று கிளம்பிவிடுவார். "அண்ணனுக்கு எந்த ஆள்தான் எப்பவும் சாயங்காலமே வர்றாரோ" என்று தங்கை கேட்பாள். சிரித்து மழுப்பிவிடுவார்.

வேறு ஆளைத் துணைக்குச் சேர்த்துக்கொள்ளவும் இல்லை. உயரத்துக்குப் பயந்து பயந்தே தானே ஏணியில் ஏறப் பழகினார். நீளமான பட்டையின் மறு முனையைப் பிடிக்க ஆள் வேண்டுமே? அதற்கும் ஒரு அச்சு செய்தார். சுவரில் மாட்டி, பட்டையின் ஓரத்தைத் தாங்கிப் பிடிக்கிற மரக் கொக்கி. பார்க்க மடக்கின கை மாதிரியே இருக்கும். வேலைக்குக் கிளம்பும்போது அவர் மனைவி சாமான்களைச் சரிபார்ப்பாள்: ரம்பம், சுத்தியல், கத்தரி, மச்சான். ஆமாம், கொக்கிக்கு அவள் வைத்த பெயர் அதுதான். ஒரு நாள் அவர் ஏணி மேலிருந்து கொக்கியைப் பார்த்து, "பிடி, மச்சான்" என்று சொன்னதை அவள் கேட்டுவிட்டாள். வாய்க்காரி அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. பெயரை மட்டும் வைத்துவிட்டாள்.

மூச்சுக்கட்டை அவர் பையை விட்டுப் போகவே இல்லை. சட்டை மாறும், கட்டை மாறாது. துணி துவைக்கும்போது மனைவி எடுத்து ஜன்னல் விளிம்பில் வைப்பாள். அவர் தேடி எடுத்துக்கொள்வார். அச்சில் மட்டும் அதைச் செருகுவதில்லை. அதற்கு வேறு கட்டை சீவிக்கொண்டார், ஒன்றுக்கு மூன்றாக. ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் செருகியிருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்ப்பார். வெட்டின பிறகும் தொட்டுப் பார்ப்பார். அதைப் பார்த்துத்தான் அந்தந்த வீட்டில் வேறு வேலை பார்க்க வந்தவர்கள், "மூச்சு இருக்கான்னு பாத்துக்கிறாரு" என்று சிரித்தார்கள்.

இப்படியே ஓடிவிட்டிருக்கும். ஓடவிடாமல் செய்தது மழை.

அந்த வருஷம் மேற்கிலிருந்து சாய்ந்து அடித்த மழையில், படுக்கையறைச் சுவரின் உள்பக்கம் பூஞ்சை கறுப்பாகப் பூத்தது. முதலில் உள்ளங்கை அகலம். பிறகு தலையணை அகலம். தங்கை மகள் பிள்ளைப்பேற்றுக்கு வருகிறாள். அவளும் குழந்தையும் படுக்க வேண்டிய அறை அது ஒன்றுதான். தொட்டால் சுவர் மெத்து மெத்தென்று விரலை உள்ளே வாங்கியது. உள்ளே மரம் ஊறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். விட்டால் அழுகும்.

தங்கை வந்து பார்க்கச் சொன்னாள். அவர் பார்த்தார். வேலை அதிகமாக இருக்கிறது, நல்ல ஆள் ஒருத்தனை அனுப்புகிறேன் என்றார். வேண்டாம் என்றாள். இன்னொருத்தன் பெயரைச் சொன்னார், அவன் தன்னைவிடக் கெட்டிக்காரன் என்று சத்தியம் செய்தார். அதற்கும் வேண்டாம் என்றாள்.

"அந்தச் சுவத்துல வேற ஒருத்தர் கை வைக்கக் கூடாது. பிரிச்சா நீதான் பிரிக்கணும். இல்லன்னா அப்படியே அழுகிப் போகட்டும்."

பிடிவாதம் என்றால் அப்படியொரு பிடிவாதம். சத்தம் நின்றுபோய்விடும் என்றுதான் பயப்படுகிறாள், அதுதான் அண்ணனாவது பார்த்து மெதுவாகச் செய்யட்டும் என்று நினைக்கிறாள் என்று அவர் புரிந்துகொண்டார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் முடியாது என்றார். அவள் வாயில் வந்ததையெல்லாம் கேட்டாள். கூடப் பிறந்தவள் கேட்கிறாள், ஊரார் சுவருக்கெல்லாம் ஓடுகிற மனுஷன் அந்த வீட்டுச் சுவருக்கு மட்டும் ஏன் பின்வாங்குகிறார், அந்தப் பச்சைக் குழந்தை பூஞ்சைச் சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு படுக்க வேண்டுமா? அவர் பையைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ஒரு வெயில் நாள் பார்த்துக் கிளம்பினார்.

காலையிலேயே ஏணியைச் சாய்த்தார். அதே சிமெண்ட்டு மேடை. அதைப் பார்க்காமல் ஏறினார். ஒரு பட்டையின் பிடிப்பை மற்றதிலிருந்து கழற்ற வளைந்த முனையுள்ள ஒரு கருவி உண்டு. அதை நுழைத்து இழுத்தார். மேலே கடைசிப் பட்டை வரை வந்ததும் நின்றார்.

எத்தனை ஆணி! ஆணிக்கென்று போட்ட துளையில், துளை இல்லாத இடத்தில், பட்டையின் முகத்திலேயே நேராக. எல்லாம் தலை அழுந்த, பட்டை குழி விழுகிற அளவுக்கு. சில வளைந்து மடங்கியிருந்தன. தொழில் தெரிந்த எவனும் இப்படி அடிக்க மாட்டான். ஆணித் துளைகள் வழியாகத்தான் இத்தனை வருஷம் தண்ணீர் இறங்கியிருக்கிறது. நல்ல மனசோடு முடித்துக் கொடுத்த அந்தக் கோஷ்டிக்காரனை மனதுக்குள் வைதுகொண்டே ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். பட்டை கழன்று கையில் வந்தது. அதன் முனையைப் பார்த்தார்.

ஒரு முனை ரம்பத்தில் வெட்டினது, நேர்கோடு, அவருடையது. மறு முனை கோணல் மாணலாக, கடித்துத் துப்பின மாதிரி இருந்தது. கத்தரியால் நறுக்கினது. தகரம் வெட்டுகிற கத்தரி இல்லை. அதில் வெட்டியிருந்தால் இப்படிச் சிக்கியிருக்காது. இது நீள வாயுள்ள கத்தரி. பாதியில் சிக்கி, இழுத்து, மறுபடி ஆரம்பித்திருக்கிறது.

அவருக்கு ஒன்று நினைவு வந்தது. மச்சான் போன அந்த மாதம், தங்கை தன் துணிக் கத்தரியைக் கொண்டுவந்து சாணை பிடித்துத் தரச் சொன்னாள். வாய் பல்லுப் பல்லாகப் போயிருந்தது. எதை வெட்டினாய் என்று கேட்டார். "சும்மா, என்னமோ" என்றாள். துக்கத்தில் இருக்கிறவளிடம் அதற்கு மேல் என்ன கேட்பது என்று சாணை பிடித்துக் கொடுத்துவிட்டார்.

பட்டையோடு கீழே இறங்கினார். கால் தரையில் பட்டதும் அப்படியே ஏணியின் அடியில் உட்கார்ந்துவிட்டார். தங்கை வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். அவள் பார்வை பட்டையின் கோணல் முனையில் இருந்தது.

"நான்தான்ணா நறுக்கினேன்," என்றாள்.

அவளே வந்து பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். எல்லாரும் வந்து அழுது போய் முடிந்த பிறகு, அந்தப் பட்டை ஒரே ஒரு ஆணியில் தொங்கிக்கொண்டு காற்றில் ஆடியது. ஆடி ஆடிச் சுவரில் அடித்தது. மற்ற கோஷ்டி ஆட்கள் இரண்டு பேர் வந்து, நாளைக்கு வந்து மாட்டித் தருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் வருவதற்குள் அவளே ஏணியைப் போட்டு ஏறினாள். பட்டையை வைத்துப் பார்த்தாள். சட்டத்துக்குள் போகவில்லை. நீளத்தில் ஒரு விரல் அகலம் அதிகம்.

"அது போகாதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும். அன்னிக்கு நான் ஜன்னலுக்கு உள்ள துணி மடிச்சுக்கிட்டிருந்தேன். உனக்கு ரம்பச் சத்தத்துல கேக்கல. அவரு என்னைப் பாத்துச் சிரிச்சாரு. 'உங்கண்ணன் கட்டையை முழுங்கிட்டான் போலருக்கு, நீளமா இருக்கு'ன்னாரு. இறங்கி வாங்க, அண்ணன் வெட்டித் தருவான்னு சொன்னேன். 'பரவால்ல, இதுக்காக அவனை எதுக்கு, நானே தள்ளிக்கிறேன்'னாரு."

மூச்சு தலையைக் குனிந்துகொண்டார். இத்தனை வருஷம் எதைக் கேட்கப் பயந்தாரோ அதைத்தான் கேட்டார். ஆனால் அதற்குள் ஒரு சிரிப்பு இருந்ததே, அது அவர் கொஞ்சமும் எதிர்பார்க்காதது. அந்தச் சிரிப்பைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. பட்டையை மடியில் போட்டுக்கொண்டு, அறுபதைத் தொடப்போகிற மனுஷன், விசும்பி விசும்பி அழுதார்.

"ஏன்மா எங்கிட்ட சொல்லல?"

"சொல்லி? அந்த ஆளுங்க வந்து பாத்தா, உன் அளவு தப்புன்னு ஊருக்கே தெரிஞ்சுடும். நீ அப்பவே படுத்த படுக்கையா கெடந்தே. ஒருத்தரு போயிட்டாரு. நீயும் போயிட்டா எனக்கு யாருண்ணா இருக்கா? அதான் நறுக்கிட்டு, யாரும் கழட்ட முடியாதபடி கையில கெடச்ச ஆணியெல்லாம் வச்சு அடிச்சேன்."

"அப்ப அந்தச் சத்தம்..."

"என் ஆணிதான். எனக்கென்ன தெரியாதா? அவரு எத்தனை தடவை சொல்லியிருக்காரு, இறுக்கி அடிச்சா சுவரு பேசும்னு." பட்டையிலிருந்த ஆணிக் குழியை விரலால் தடவினாள். "தெரிஞ்சாலும் சாயங்காலம் ஆனா காதைத் தீட்டிக்கிட்டுத்தான் இருப்பேன்."

அவருக்கு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. வேறு ஆள் கை வைக்கக் கூடாது என்றது சத்தத்துக்காக இல்லை. நறுக்கின முனையை இன்னொருவன் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக. அண்ணன் பெயரைக் காப்பாற்ற அவள் அடித்த ஆணிதான் தினமும் தட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அவரோ அந்தத் தட்டுக்குப் பயந்து, அவளைச் சாயங்காலத்தில் தனியே விட்டுவிட்டு, இல்லாத ஆளைப் பார்க்க ஓடிக்கொண்டிருந்திருக்கிறார். தன் மேலேயே அவருக்கு அப்படியொரு ஆத்திரம் வந்தது.

ஆத்திரப்பட்டு என்ன செய்ய, சுவர் திறந்து கிடக்கிறதே. ஊறின பலகையை அறுத்து எடுத்துவிட்டு, புதுசு வைத்து, மேலே நீர் இறங்காத தாளை ஒட்டினார். மத்தியானம் சோறு வேண்டாம் என்றார். அவள் வற்புறுத்தி இரண்டு வாய் சாப்பிட வைத்தாள். பிறகு வண்டியிலிருந்து அச்சை இறக்கி, பழைய இடத்திலேயே சுவரோடு சாய்த்து வைத்தார். தடுப்பை இறுக்கினார். சீவி வைத்திருந்த மூன்று கட்டைகளையும் எடுக்கவில்லை. பையிலிருந்த பழைய கட்டையை எடுத்துச் செருகினார். அது எண்ணெய் ஊறிக் கறுத்து, மூலை மழுங்கியிருந்தது. அளவு மட்டும் மாறவில்லை. கடைசிப் பட்டையை வெட்டினார். கட்டை இருக்கிறதா என்று தங்கையும் குனிந்து ஒரு தடவை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

மரக் கொக்கியை அவர் வண்டியிலிருந்து எடுக்கவில்லை. "நீ கீழ நில்லு. நான் கேக்கிறப்போ தூக்கிக் குடு" என்றார்.

ஏறினார். மச்சான் நின்ற அதே படியில் நின்றார். வாயால் கேட்காமல், சுத்தியல் காம்பால் சுவரில் தட்டினார். டக், டக். கீழேயிருந்து பட்டை மேலே வந்தது. வாங்கிக்கொண்டார். லேசாக வளைத்தார், இரண்டு முனையும் சட்டத்துக்குள் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. துளைகளின் நடுவில் ஆணி வைத்து, தலைக்குக் கீழ் நாணயம் நுழைகிற இடம் விட்டு அடித்தார். பட்டையைப் பிடித்து இடமும் வலமும் நகர்த்திப் பார்த்தார். தாராளமாக நகர்ந்தது. இவ்வளவு சுலபமான காரியம்.

வெயில் சாய்ந்தது. சாமான்களை வண்டியில் ஏற்றின பிறகும் அவர் கிளம்பவில்லை. ஒரு ஆளைப் பார்க்க வேண்டும் என்று சொல்லவில்லை. இரண்டு பேரும் படுக்கையறையில், புதுச் சுவருக்குப் பக்கத்தில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்கள். சூரியன் எதிர்வீட்டுக் கூரைக்குப் பின்னால் இறங்கியது. ஜன்னல் கண்ணாடி மங்கியது. தெருவில் யாரோ கதவைச் சாத்தினார்கள். சுவர் ஒன்றும் பேசவில்லை.

"இனிமே வராதில்ல?" என்றாள்.

"வராதும்மா."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு கையை நீட்டினாள். எதைக் கேட்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. பையிலிருந்து கட்டையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் அதைப் புரட்டிப் பார்த்து, மழுங்கின மூலையைக் கட்டைவிரலால் தடவி, மெஷின் மேஜை இழுப்பறையில் கத்தரிக்குப் பக்கத்தில் வைத்து மூடினாள். அவர் கிளம்பும்போது பழக்கத்தில் பையைத் தடவிப் பார்த்தார். பை காலியாக இருந்தது.

மகள் வந்தாள், குழந்தையும் வந்தது. இப்போதெல்லாம் வேலை முடிந்து திரும்பும்போது அவர் வேண்டுமென்றே அந்தத் தெரு வழியாகத்தான் வருகிறார். முதல் தடவை வந்த சாயங்காலம், வண்டியை நிறுத்திவிட்டு மேற்குச் சுவரோரம் நடந்து போனார், தன் வேலையை ஒரு தடவை பார்த்துவிட்டு உள்ளே போகலாம் என்று. சூரியன் இறங்குகிற நேரம். சுவரில் பட்டைகள் எல்லாம் சொன்ன பேச்சுக் கேட்டுச் சும்மா இருந்தன. ஜன்னல் பக்கம் தங்கையின் நிழல் தெரிந்தது. பிறகு உள்ளேயிருந்து, மரத்தால் மரத்தில் தட்டுகிற சத்தம் வந்தது. டக். கொஞ்சம் பொறுத்து, டக்.

அவள் தட்டுகிறாள் என்று அவருக்குத் தெரியும். எந்தக் கட்டையால் என்றும் தெரியும். ஆனாலும் அவருடைய இரண்டு கையும் தலைக்கு மேல் உயர்ந்துவிட்டன. மேலேயிருந்து ஒரு கை வந்து வாங்கிக்கொள்ளும் என்கிற மாதிரி, அவர் வெறுங்கையை ஏந்திக்கொண்டு அப்படியே நின்றுகொண்டிருந்தார்.